ஏகநாதன்னு கேளு

ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்துக்கொண்டிருந்த ஜெபசீலனின் கையை, கேட்டைத் தாண்டி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள் அவன் அம்மா தபீதாள். விடியற்காலையில் செத்துப்போன புருஷனைக் கட்டிலில் விட்டுவிட்டு இப்படித் தெருவுக்கு ஓடிவருகிறாளே என்று செம்பாக்கத்துச் சனம் பார்த்தது.

"எங்கடா போற?"

"எங்க ஆஸ்பத்திரிக்குத்தாம்மா. டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாம அடக்கம் பண்ண முடியாதுன்னு சர்ச் செக்ரட்டரி சொல்றாரு. அப்பா ரெக்கார்டு முழுக்க என் கம்ப்யூட்டர்ல இருக்கு. பட்டனத் தட்டினா வந்துடும்."

"அங்க ஒண்ணும் இருக்காது. அப்பா அங்க போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. மாதா மாதம் 'செக்கப்' என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மனிதர் பின்னே எங்கேதான் போனார்?

"பம்மலுக்குப் போ. தோல் கம்பெனி பக்கத்துல ஸ்ரீநிவாசராகவன்னு ஒரு டாக்டர் இருக்காரு. அங்க போய் அப்பா பேரச் சொல்லி அசரியான்னு கேக்காத. ஏகநாதன்னு கேளு."

"ஏகநாதனா? அது யாரும்மா?"

தபீதாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "வழியில யோசிச்சுக்கிட்டே போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதிக தூரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது.

முந்தின வருஷம், தொண்ணூற்றிரண்டில், அவன் வேலை பார்க்கும் தாம்பரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தார்கள். புரோகிராம் எழுதியவன் இவன்தான். திறப்பு விழாவன்று பெரிய டி.வி. ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து அதோடு இணைத்தான். யாராவது ஒருவர் பெயரைத் தட்டிக் காட்ட வேண்டுமே? ஊரார் வியாதியை நாலு பேர் முன்னால் காட்டுவது தப்பு என்று இந்த மகராசனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் சொந்த அப்பாவின் பெயரைத் தட்டினான். நம்ம அப்பாதானே, யாரைக் கேட்க வேண்டும்?

ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர் அசரியா சலவை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று இவனே மைக்கில் படித்தான். பெயர், வயது, ரத்த வகை. கை தட்டினார்கள். அந்த ஜோரில் அடுத்த வரியையும் படித்துத் தொலைத்தான்: தூக்கத்தில் சிறுநீர் போய்விடுகிறது, இரவில் துணி கட்டிக்கொள்கிறார். கூட வேலை பார்த்த வாத்தியார்கள், அவரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர்கள், சர்ச் ஐயர்மார், எல்லோரும் கேட்டார்கள். பின்னாலிருந்து எவனோ களுக்கென்று சிரித்தான். அசரியா திரையையே பார்த்துக்கொண்டு கை தட்டினார். வீட்டுக்கு வந்ததும், "நல்லாப் பண்ணிருக்க தம்பி" என்றார். இவனும் அதை நம்பினான். அடப்பாவி, நம்பினானே!

பம்மலுக்குள் நுழைந்ததும் தோல் ஊறும் நாற்றம் மூக்கைப் பிடித்தது. வயசான காலத்தில் இரண்டு பஸ் மாறி, இந்த நாற்றத்தில் நடந்து வந்திருக்கிறார். கிளினிக் பெஞ்சில் ஆள் நிரம்பியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கம்பவுண்டர் ஜெயவேலு தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஏகநாதன் சாரா? இன்னா சார் சொல்றே! முந்தாநாள்கூட வந்துகினு போனாரே. தங்கமான மன்சன் சார்."

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். "எனக்கு அவர் ஏகநாதன். நீங்க அசரியான்னு எழுதித் தரச் சொல்றீங்க. எதுக்கு வேற பேரு குடுத்தாரு? அது தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

'உள்ளே போய்ப் பேசலாமா சார்' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவை யார் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள்? பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் இவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே சொன்னான்.

"அவருக்கு இருந்த கஷ்டத்த நான் மைக்குல படிச்சுட்டேன் சார். ஊருக்கு முன்னாடி. நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரியில, கம்ப்யூட்டரக் காட்றேன்னு. மறுபடியும் பேரு எதுலயும் ஏறிடக் கூடாதுன்னுதான்..."

வெட்கம் பிடுங்கித் தின்றது. பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீதானா அந்தப் பையன்" என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தாம்பரத்துக்கு லெட்டர் தரேன்னேன். 'அங்க என் பையன் இருக்கான், அங்க மட்டும் வேணாம்'னாரு. பையன் இருந்தா நல்லதுதானே சார்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. கடைசியில கிட்னி வரைக்கும் போயிடுச்சு."

பெஞ்சில் இருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவரே ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது ஜெபசீலனுக்கு.

வீட்டில் டாக்டர் உடம்பைப் பார்த்தார், கொஞ்ச நேரம் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு எழுதிக் கொடுத்தார். "என்ன கம்ப்ளைண்ட் சார் அவருக்கு?" என்று எட்டிப் பார்த்தார் சர்ச் செக்ரட்டரி. "வயசுதான்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்து ஜெபசீலன் கையில் திணித்தார் டாக்டர்.

குளிப்பாட்டுவதற்கு ஆம்பளைகள் துண்டைக் கட்டிக்கொண்டு தயாரானார்கள். "சீலா, வாப்பா, பிள்ளைதான் முதல்ல தண்ணி ஊத்தணும்" என்று கூப்பிட்டார் செக்ரட்டரி. தபீதாள் அறை வாசலில் குறுக்கே வந்து நின்றாள்.

"நான் பாத்துக்கறேன். எல்லாரும் வெளிய இருங்க."

"நீங்க எப்படிம்மா தனியா? மகன் இருக்கும்போது..."

"அவனும்தான்."

"அம்மா, நான் மட்டும் வரேன்மா" என்றான். "ஒரே ஒரு தடவ. அப்பாவுக்கு நான்..."

அவள் கிட்டே வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "கட்டியிருக்கற துணிய இன்னும் அவுக்கலடா. சீலன் பாக்க வேணாம்னு நேத்து சாயங்காலம்கூடச் சொன்னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

ஜெபசீலன் அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்தான். கதவு வாளி நுழையும் அளவுக்குத் திறந்தது. தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை உள்ளே தள்ளினான். எதற்கு இவ்வளவு நேரம் என்று செக்ரட்டரி எட்டிப் பார்க்க வந்தார்.

"சார், நீங்க அந்தப் பக்கம் போங்க."

"இல்லப்பா, ஒரு கை குடுக்கலாம்னு..."

"போங்க சார்" என்று இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே சொம்பு தண்ணீரில் அமுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு வாளி" என்றாள் அம்மா.

திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, வெறும் வாளியை வாங்கிக்கொண்டான்.