வெண்ணெய் இரவு இருந்த இடம்

அறைக்குள்ளிருந்து அதிகாரி ஐயா குமட்டும் ஓசை மூன்றாவது முறையாகக் கேட்டபோது, நான் சமையலறையில் கல்சட்டித் தண்ணீருக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தேன். காலையில் வெண்ணெய்க்குத் தண்ணீர் மாற்றும் நேரம் அது. அவருக்கு ரொட்டியோடு வைத்தனுப்பிய வெண்ணெய் இந்தச் சட்டியில் மேலாக மிதந்த உருண்டையிலிருந்து எடுத்ததுதான். அது நினைவுக்கு வந்தவுடன் கையை வெளியே எடுக்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் இருந்த அந்த அரசாங்கப் பங்களாவில் என் கணவர் ஏகாம்பரம் காவலாளியாகவும் சமையல்காரராகவும் ஊழியம் பார்த்தார். சமையலை உண்மையில் நான்தான் செய்து வந்தேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து அது இரண்டாவது கோடை. எல்லையோரக் கிராமங்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். கிராமத்தார் கொடுத்திருந்த மனுக்களை நேரில் விசாரிப்பதற்காக அந்த ஐயா ஆந்திரத் தலைநகரான கர்நூலிலிருந்து புதன்கிழமை மாலை வந்து தங்கினார். காலையில் அவருக்கு இட்லி வேண்டாம், ரொட்டியும் வெண்ணெயும் போதும் என்று அவருடைய டவாலிச் சேவகர் ரங்கையா வந்து சொன்னார். ரொட்டி வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும். வெண்ணெயை மட்டும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பங்களாவில் ஓர் ஐஸ் பெட்டி இருந்தது. முன்பு அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப் போனது. கிரசின் எண்ணெயில் ஓடும். அடியில் திரி எரிந்துகொண்டிருக்கும், மேலே உள்ளறை குளிர்ந்திருக்கும். அடியில் நெருப்பை வைத்து மேலே குளிரை எப்படி வரவழைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அதைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ தவறு செய்வது போலவே உணர்வேன். பங்களாவை மேற்பார்க்கும் ஓவர்சீயர் நாகேந்திரன் அதன் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். பால், வெண்ணெய், மருந்து ஆகியவற்றைக் கட்டாயம் உள்ளே வைக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது.

புதன்கிழமை நான் அதற்குக் கீழ்ப்படிந்தேன். வியாழக்கிழமை காலையில் வெண்ணெய் கல்லாகிவிட்டது. ஐயா கத்தியால் அழுத்தியதில் ரொட்டி இரண்டாகக் கிழிந்து, வெண்ணெய்த் துண்டு தட்டிலிருந்து எகிறி அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "இதி வென்னா, ராயா?" என்று அவர் கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது. இது வெண்ணெயா, கல்லா என்கிறார். ரங்கையா தட்டை எடுத்துக்கொண்டு வந்து சிரித்தார்.

"அம்மா, மீ அரவ வெண்ணெய்க்கு ரோஷம் ஜாஸ்தி. ஆந்திரா கத்திக்கு மசியமாட்டேங்குது."

அரவம் என்றால் அவர்கள் வாயில் தமிழ். அன்று நானும் சிரித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, வியாழக்கிழமை வெண்ணெய் விற்கும் செல்லியம்மா பூவரச இலையில் வைத்துக் கொண்டுவந்த புது வெண்ணெயை நான் பெட்டியில் வைக்கவில்லை. எங்கள் வீடுகளில் செய்வது போலவே கல்சட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அதில்தான் என் பிழை இருந்தது. அந்தச் சட்டியில் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சேர்ந்த வெண்ணெய் கிடந்தது. தினமும் வருவதை ஒரே சட்டியில் சேர்த்துக்கொண்டே போய், நாலைந்து நாளைக்கு ஒருமுறை நெய்யாக உருக்குவது எங்கள் வழக்கம். செவ்வாயிலும் வெள்ளியிலும் வெண்ணெய் உருக்க மாட்டோம். புதன்கிழமை உருக்கியிருக்க வேண்டும். பங்களாவைக் கழுவி மெத்தைகளைத் தட்டிப் போட்டதில் அன்று மறந்துபோனேன். வியாழனன்று சமையலுக்கே நேரம் சரியாக இருந்தது. நெய்யாக்கப் போகிற வெண்ணெய் கொஞ்சம் புளித்தாலும் நாங்கள் பொருட்படுத்துவதில்லை, அடுப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று விட்டுவிடுவோம். ஆனால் ஐயா தின்றது நெய்யல்ல. பழைய உருண்டையோடு ஓர் இரவு முழுவதும் ஒட்டிக்கிடந்த பச்சை வெண்ணெய். நான் மேலிருந்து வழித்தபோது எவ்வளவு புதியது, எவ்வளவு பழையது என்று எனக்கே தெரியாது.

என் கணவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரை இட்டாரச் சொல்லி ஜீப்பு போயிருக்குது. ஓவர்சீயரும் வந்துகினு இருக்காராம். இன்னாமே போட்ட அவருக்கு?"

"ரொட்டி, வெண்ணெ, காப்பி. வேற இன்னா போடப்போறேன்?"

"வெண்ணெ எங்க இருந்துது?"

நான் சட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போச்சு. அந்தக் கட்டுல என் கையெழுத்து கீதுமே."

எனக்கு அப்போதுதான் முழுவதும் உறைத்தது. குடிபாலாவை அடுத்த எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று எழுதிய மனுவில் இருபத்து மூன்றாவது கையெழுத்து என் கணவருடையது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் அதில் கையெழுத்திட்டிருக்கக் கூடாது. அவருடைய தமையனார் எல்லோர் முன்னிலையிலும் பேனாவை நீட்டியபோது, மறுக்கக் கூச்சப்பட்டுப் போட்டுவிட்டு வந்தார். அந்த மனுக்கட்டு இப்போது ஐயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. சென்னைக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டில் கர்நூல் அதிகாரி விழுந்துவிட்டார் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை போவது பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை. என் கணவரை விலங்கிட்டு வேலூர் ரோட்டில் நடத்திக்கொண்டு போவதைத்தான் என் கண்கள் கண்டன.

"பெட்டியில வெச்சிடு," என்றார் அவர். "ராத்திரி பூரா உள்ளதான் இருந்துதுன்னு சொல்லிடலாம். சட்டம் அதானே."

நான் சட்டியிலிருந்து ஓர் உருண்டையை வழித்து, கண்ணாடித் தட்டில் வைத்து, பெட்டிக்குள் தள்ளிக் கதவை மூடினேன். மிச்சத்தை அவர் சட்டியோடு எடுத்துப்போய்க் கிணற்றங்கரைச் சாம்பல் குழியில் கொட்டி மூடினார். அவர் திரும்பி வந்தபோதுதான் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் நினைத்தோம். இரவு முழுவதும் உள்ளே இருந்த வெண்ணெய் கல்லாக இருக்க வேண்டும். பங்களாவுக்கே அது தெரியும். நேற்று ஐயாவின் சட்டையே சாட்சி.

அதன் பிறகு கழிந்த நேரத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து விரலால் தொட்டேன். குழைந்தது. மூடினேன். திரியைச் சற்றுத் தூண்டிவிட்டால் விரைவாகக் குளிருமோ என்று குனிந்து தூண்டினேன். கரும்புகை வந்தது. பயந்து மீண்டும் தாழ்த்தினேன். திறந்தேன். மேலே மட்டும் ஒரு தோல் கட்டியது போலிருந்தது. திறக்கத் திறக்கக் குளிர் போய்விடும் என்பது தெரிந்தும் என் கை சும்மா இருக்கவில்லை. வெளியே வெயில் ஓட்டுக் கூரையின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. என் கழுத்திலிருந்து வழிந்த வியர்வை பெட்டியின் கதவில் சொட்டியது. என் வாழ்நாளில் எந்தத் தெய்வத்திடமும் ஒரு வெண்ணெய் உருண்டை இறுக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை.

ரங்கையா வாசற்படியில் வந்து நின்றார். இன்று சிரிப்பில்லை.

"எந்துகம்மா, ஏன் சும்மா சும்மா திறக்கறே?"

"தண்ணி... ஐயாவுக்குக் குளுந்த தண்ணி வேணுமான்னு."

"நீள்ளு வத்து, தண்ணி வேணாம். எது குடுத்தாலும் வெளிய வந்துடுது." அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து கிராமத்துல மாம்பழம், கருப்பஞ்சாறு, அந்த ஈ மொய்க்கிற பாயசம், எல்லாம் ஐயா ருசி பார்த்தாரு. நான்தான் கிளாஸ் வாங்கிக் குடுத்தேன்."

"இதை டாக்டர்கிட்ட சொல்லுங்கண்ணா," என்றேன்.

"நான் குடுத்தேன்னு நானே எப்படிம்மா சொல்றது? எனக்கு மூணு பிள்ளைங்க."

அவர் போய்விட்டார். பயப்படுகிறவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

டாக்டர் பாலசுந்தரம் ஜீப்பிலிருந்து இறங்கியபோது ஓவர்சீயர் நாகேந்திரனும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். உள்ளே வெகுநேரம் ஆயிற்று. ஊசி போட்டதாகச் சொன்னார்கள். கைகளைத் துடைத்துக்கொண்டு டாக்டர் சமையலறைக்கே வந்துவிட்டார். வயதானவர், மெதுவாகப் பேசினார்.

"சாயங்காலத்துக்குள்ள வாந்தி நிக்கலைன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். காலையில சாப்பிட்டது என்ன?"

சொன்னேன்.

"வெண்ணெயைக் காட்டுங்க."

ஓவர்சீயர் முந்திக்கொண்டார். "ரூல்படி பெட்டியில இருக்கும் சார். நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்." அவரே கதவைத் திறந்தார், தட்டை எடுத்தார், கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். விரல் பாதிவரை உள்ளே போயிற்று.

நாகேந்திரன் விரலைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், நேத்து இது கல்லு. இன்னிக்கி இன்னாய்யா இப்படிக் கீது?"

என் கணவர் வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு பொய்யை அவர் சொல்லிவிடுவார், பிறகு அதைக் காக்க இன்னொன்று சொல்வார் என்று தோன்றியது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"பெட்டியில இல்லைங்க. ராத்திரி கல்சட்டித் தண்ணியில இருந்துது. பழசு கூட சேந்திருந்துது. நான்தான் வெச்சேன். பயந்துகினு இப்பத்தான் உள்ள வெச்சேன். அவருக்குத் தெரியாது."

கடைசி வாக்கியம் பொய். அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

"தெரியாதாமே!" என்றார் நாகேந்திரன். "நோட்டீஸ் இன்னாத்துக்கு ஒட்டினேன், பொட்டு வெச்சிக் கும்புடவா?"

டாக்டர் தட்டை வாங்கி முகர்ந்தார். "புளிச்ச வாசனை லேசா இருக்கு. இதனாலதான்னு சொல்லவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது. இதை வேற யாராவது சாப்பிட்டீங்களா?"

"ஐயாவுக்கு வெச்சதுல நாங்க கை வைக்க மாட்டோங்க," என்றேன். அந்த மரியாதையே எங்களுக்கு எதிராக நிற்கிறது என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. வேறு யாருமே தின்னாத வெண்ணெய்.

நான் தட்டிலிருந்து ஒரு விள்ளலை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். வெளிப்புறம் சில்லென்றும் நடுவில் வெதுவெதுப்பாகவும் இருந்தது. புளிப்பு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விழுங்கினேன். டாக்டர் "அம்மா, வேண்டாம்" என்பதற்குள் இரண்டாம் விள்ளலும் உள்ளே போயிற்று. மூன்றாவதற்கு நான் கையை நீட்டியபோது தட்டு அங்கே இல்லை. என் கணவர் அதை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, மிச்சத்தை நான்கு விரலாலும் வாரி வாரித் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு வெண்ணெய் பிடிக்காது. சிறுவயதிலிருந்தே பிடிக்காது.

"நிறுத்துய்யா, பைத்தியமா உனக்கு?" என்றார் ஓவர்சீயர்.

"இருக்கட்டும் சார். அவ மட்டும் துன்னா கணக்கு ஒத்து வராது," என்றார் அவர், மீசையில் ஒட்டியதைத் துடைக்காமல்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஐயாவுக்குச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்ததாகச் சொன்னார்கள், அதுவரை இவர்களையும் பார்ப்போம் என்றார். நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, சமையலறை வாசலிலேயே உட்கார்ந்தார். நாகேந்திரன் நின்றுகொண்டார். ரங்கையா உள்ளே அறைக்கும் எங்களுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவராகத் தாழ்வாரத்தில் நின்றார். அவருடைய உதடுகள் எதையோ சொல்ல அசைந்து அசைந்து அடங்கின.

நாங்கள் இருவரும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தோம். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அது வெண்ணெயா பயமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அவரைப் பார்த்தேன். அவரும் தலையைச் சாய்த்து, தூரத்தில் பஸ் வருகிறதா என்று கேட்பவரைப் போலத் தன் வயிற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் கண்ணாடித் தட்டு கிடந்தது. அவருடைய விரல்கள் வழித்த நான்கு கோடுகளின் ஓரத்தில் எஞ்சியிருந்த வெண்ணெய், அந்த வெக்கையில் மெல்லத் தெளிந்து, நிறமிழந்து, விளிம்பை நோக்கி நகரத் தொடங்கியது.