வைத்த புள்ளி

“ஆமா சார், அந்தப் புள்ளிய நான்தான் வச்சேன்” என்றாள் துர்காதேவி.

கூடத்தில் மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கார்த்திகேயன் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். விசாரணைக் குழுவுக்குத் தலைவராகச் சென்னையிலிருந்து அந்தக் காரைக்குடிக் கல்லூரிக்கு வந்திருந்தவர். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“யாராவது வைக்கச் சொன்னாங்களா?”

“இல்ல சார். நானாத்தான் வச்சேன்.”

“ஏன்?”

“அது இல்லாட்டி என் ஆராய்ச்சியே இல்ல சார்.”

கார்த்திகேயன் பக்கத்தில் இருந்த உமையாளைப் பார்த்துத் தலையசைத்தார். உமையாள் அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியை. குழுவின் இன்னோர் உறுப்பினர். நடப்பதை மடிக்கணினியில் எழுதிக்கொள்வதும் அவர் பொறுப்பு. எழுதியதைப் படித்துக் காட்டினார்: “படத்தில் உள்ள வெண்புள்ளியைத் தானே வைத்ததாகத் துர்காதேவி ஒப்புக்கொண்டார். சரிதானாம்மா?”

“சரிதான் மேடம்.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் இருந்த தேனப்பன் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய வழிகாட்டி ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பொறுப்பேற்ற இயற்பியல் ஆசிரியர் அவர். புகார் கொடுத்தவரும் அவர்தான்.

அவர் முன்னால் இரண்டு படங்கள் இருந்தன. சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் என்ற நிலவில் உள்ள ஓர் ஏரி. அந்த நிலவை எப்போதும் தடித்த புகைமூட்டம் மூடியிருக்கும். சாதாரணக் கேமரா தரையைக் காணாது. அதனால் காசினி விண்கலம் ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்பி வந்ததைக் கேட்டுப் படமாக்கியது. கரடுமுரடான தரை அலையைத் திருப்பி அனுப்பும். படத்தில் வெளுப்பாகத் தெரியும். அசையாத திரவம் அலையை வேறு பக்கம் சறுக்கிவிடும், அது கறுப்பு. விண்கலம் அழிந்து வருடங்கள் ஆகிவிட்டன. அது எடுத்த படங்கள் பொதுக் காப்பகத்தில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் படிக்கலாம்.

துர்காதேவியின் ஆய்வேட்டில் இருந்த படத்தில், கறுத்த ஏரியின் நடுவே சின்னதாக ஒரு வெண்புள்ளி. விண்கலம் முந்தைய சுற்றில் எடுத்த படத்தில் இல்லாதது. ஏரிக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்பதுதான் அவள் ஐந்து வருட உழைப்பின் முடிவு. ஆனால் துறைக் கணினியில் இருந்த படத்தில் அதே ஏரி முழுக்கக் கறுப்பு. புள்ளியே இல்லை. அதைப் பார்த்த பிறகு தேனப்பன் பல நாள் தயங்கித்தான் புகார் எழுதினார்.

இனி பட்டம் கிடையாது. பொய்ப் படம் வரைந்தவள் என்ற பெயர் அவள் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

“சாப்பிட்டு வந்து முடிவை எழுதிடலாம்” என்றார் கார்த்திகேயன். “நான் சாயங்கால ரயிலைப் பிடிக்கணும்.”

தேனப்பனைத் தவிர எல்லோரும் எழுந்தார்கள். தேநீர்த் தம்ளர்களை எடுக்க வந்த காளியாயி, உமையாளின் காதருகே குனிந்தாள். “அந்தப் புள்ள மாடிப்படியில உக்காந்திருக்கு மேடம். காலையில இருந்து ஒண்ணும் திங்கல. டீயும் வேணாங்குது.”

உமையாள் சற்று யோசித்தார். விசாரிக்கப்படுகிறவரோடு குழு உறுப்பினர் தனியே பேசக் கூடாது. காலையில் கொப்புடையம்மன் கோயிலைத் தாண்டி வரும்போது, தன் கையால் யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்திருந்தார். தப்புச் செய்தவளாகவே இருக்கட்டும், பசி பசிதானே. சோறு போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

டிபன் கேரியரோடு படிக்கட்டுக்குப் போனார்.

“வா, சாப்பிடு.”

“வேணாம் மேடம்.”

“விசாரணையப் பத்தி நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. சோத்த மட்டும் தின்னு. கணக்கு வாத்தியாரு சமையல், மத்தது எப்படியோ, உப்பு கணக்கா இருக்கும்.”

துர்காதேவி சிரிக்க முயன்றாள், முடியவில்லை. “அப்பா கேட்டுல நிக்கிறாரு மேடம். கண்டரமாணிக்கத்துல இருந்து வண்டியில கொண்டாந்து விட்டாரு. அவரும் சோத்துப் பையக் குடுத்தாரு. நான் வாங்கல.”

“ஏன் வாங்கல?”

“அவரு மூஞ்சியப் பாக்க முடியல.”

உமையாள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேரியர் மூடியில் சாம்பார் சாதத்தைப் போட்டு, அரிசி களைந்த நீரில் செய்த வெண்டைக்காய் மண்டி இருந்த கிண்ணத்தை அப்படியே அவள் பக்கம் தள்ளினார். அவள் முதல் கவளத்தை எடுத்ததும் தண்ணீர் கொண்டுவரப் போனார். திரும்பி வந்தபோது சாதம் பாதி தீர்ந்திருந்தது. கிண்ணத்தில் மண்டி ஓர் ஓரமாக ஒதுங்கி இருந்தது.

“மண்டி பிடிக்கலையா?”

“நல்லா இருக்கு மேடம். உங்களுக்கு வச்சேன். நீங்க இன்னும் சாப்பிடலையே.”

உமையாள் தண்ணீர்த் தம்ளரோடு அப்படியே நின்றார்.

உங்களுக்கு வச்சேன். அந்த வெண்டைக்காயை இவள் எங்கிருந்தும் கொண்டுவந்து போடவில்லை. அது முன்பே அங்கே இருந்தது. எடுக்காமல் விட்டாள். அதைத்தான் வச்சேன் என்கிறாள். காலையில் அவள் சொன்னதும் இதே சொல். அதைக் கேட்டு ‘வைத்ததாக’ என்று எழுதியது தன் கை.

கேட்டுவிடலாம். ஒரே கேள்வி. ஆனால் கேட்க மாட்டேன் என்று இப்போதுதான் வாக்குக் கொடுத்திருக்கிறார். படிக்கட்டில் ரகசியமாகக் கேட்ட கேள்விக்குச் சபையில் என்ன மதிப்பு? உமையாள் படியில் உட்கார்ந்து அந்த மண்டியைச் சாப்பிட்டார்.

எல்லோரும் கூடத்துக்குத் திரும்பியதும் கார்த்திகேயன் முடிவைச் சொல்லத் தொடங்கினார். உமையாள் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தார்.

“எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணும் சார்.”

“அவங்களே ஒத்துக்கிட்டாங்க மேடம். இதுக்கு மேல என்ன?”

“வச்சேன்னு சொன்னா. என்ன அர்த்தத்துல சொன்னான்னு நம்ம யாரும் கேக்கல.” அவர் பதிலுக்குக் காத்திராமல் திரும்பினார். “துர்கா, அந்தப் புள்ளி நீ வைக்கிறதுக்கு முன்னாடி அங்க இருந்துச்சா?”

“இருந்துச்சு மேடம். இல்லாததை எப்படி வச்சுக்க முடியும்?” என்றவள் நிறுத்தினாள். மெதுவான குரலில் கேட்டாள்: “நான் வரஞ்சு வச்சேன்னு நெனச்சீகளா?”

அவள் கார்த்திகேயன் பக்கம் திரும்பினாள்.

“சின்னதா இருக்கிறதெல்லாம் படத்துல விழுந்த பிசிறு, இரைச்சல்னு அழிக்கிற புரோகிராம் இருக்கு சார். அதுல போட்டா இதுவும் போயிரும். அதனால போடாம வச்சேன். அதைத்தான் கேக்குறீகன்னு நெனச்சேன்.”

“துறைக் கணினியில இருக்க மூலப் படத்துல அது இல்லையே” என்றார் தேனப்பன்.

“அது மூலப் படம் இல்ல சார். மூலத்துல ரவையத் தூவினாப்ல பொடிப்பொடியா இருக்கும். அது வழுவழுன்னு இருக்கே.”

தேனப்பன் தன் முன்னால் இருந்த படத்தைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

கார்த்திகேயன் உமையாள் பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறியிருந்தது. “சாப்பாட்டு நேரத்துல நீங்க இவங்களோட இருந்தீங்களா?”

“இருந்தேன். சோறு போட்டேன். இதப் பத்திப் பேசல.”

“காலையில ஒண்ணு சொன்னாங்க, சாப்பிட்ட பிறகு வேற ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லிக் கொடுக்கலைன்னு நான் எப்படி நம்பறது?”

இத்தனை வருடப் பணியில் உமையாளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். “என்னய நம்ப வேணாம் சார். மூலப் படம் காப்பகத்துல இருக்கு. இப்பவே எடுத்துப் பாப்போம். புள்ளி இல்லேன்னா நானும் குழுவுல இருக்கத் தகுதி இல்லாதவ. அதையும் சேத்து எழுதிருங்க.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஒரு வெண்டைக்காயை நம்பி இத்தனை தூரம் வந்தாயிற்று.

தேனப்பன் தானாகவே எழுந்து வந்து மடிக்கணினியின் முன் உட்கார்ந்தார். காப்பகத்தைத் திறந்தார். பெரிய கோப்பு. கல்லூரி இணையத்தில் அது எறும்பு ஊர்வதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. பாதிகூட வரவில்லை, மின்விசிறி சுழன்று நின்றது. கரண்ட் போய்விட்டது. அதோடு இணையமும்.

“ரயில் எனக்காக நிக்காது” என்றார் கார்த்திகேயன்.

தேனப்பன் நினைத்திருந்தால் அந்த இடத்தில் விசாரணை முடிந்திருக்கும். அவர் புகார் அப்படியே நின்றிருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். “என் போன் நெட்டுல இருந்து எடுத்துக்கலாம் சார். எனக்கும் தெரியணும்.”

மறுபடி முதலிலிருந்து. ஜன்னலைத் திறந்துவிட்டும் கூடம் புழுங்கியது. துர்காதேவி சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“ஏரி நடுவுல தனியா நிக்கிற ஒரு புள்ளி” என்றார் கார்த்திகேயன், வியர்வையைத் துடைத்தபடி. “அது உண்மையாவே இருந்தாலும், அழிச்சா என்ன குறைஞ்சிடும்?”

உமையாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க நகரத்தார் கோயில்ல குடும்பத்தப் புள்ளின்னுதான் எண்ணுவாக சார். புருசன் பொஞ்சாதி சேந்தா ஒரு புள்ளி. ஒருத்தரு போயிட்டா, மிச்சம் இருக்கவக அரைப்புள்ளி. எங்க வீட்டுக்காரவுக போன பெறகு நான் அரைப்புள்ளி. தனியா நிக்கிறான்னு யாரும் என்னய அழிக்கல. அரைன்னு எழுதி வச்சிருக்காக.”

தேனப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அந்தக் கோயில் முறை தெரியும்.

கோப்பு வந்து சேர்ந்தது. படம் மேலிருந்து கீழாகத் திரையில் நிரம்பத் தொடங்கியது. முதலில் கரடுமுரடான கரை, வெளுப்பாக. பிறகு ஏரியின் விளிம்பு. பிறகு கறுப்பு. துர்காதேவி சொன்னதுபோல் ரவை தூவியது மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. வரி வரியாகக் கறுப்பு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கும் வெளுப்பு இல்லை. உமையாள் மனத்துக்குள் சிவசிவ என்று சொன்னார்.

இன்னும் சில வரிகள். கறுப்பின் நடுவே கொஞ்சம் வெளுத்தது. அடுத்த வரியில் அகன்றது. அதற்கடுத்ததில் ஒடுங்கி முடிந்தது. மறுபடி கறுப்பு.

தேனப்பன் ஆய்வேட்டைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தைப் பெரிதாக்கினார். அதே இடம். அதே கோணல். கார்த்திகேயன் எழுந்து சுற்றி வந்து தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

“இருக்கு” என்றார்.

“அது என்னன்னு தெரியாது சார்” என்றாள் துர்காதேவி. குரல் உடைந்திருந்தது. “அலையா இருக்கலாம், குமிழியா இருக்கலாம். இரைச்சலாவே இருந்தாலும் இருக்கலாம். அதையும் எழுதியிருக்கேன்.”

தேனப்பன் திரும்பி உட்கார்ந்தார். “இளங்கலைப் பசங்களுக்குக் காட்டணும்னு நான்தான் ஒரு தடவ இந்தப் படத்தையெல்லாம் சுத்தம் பண்ணி அந்தக் கணினியில போட்டேன். அதையே மூலம்னு நெனச்சுட்டேன். நீ வச்சதம்மா அது. அழிச்சது நான்.”

கார்த்திகேயன் உமையாளைப் பார்த்தார். “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மேடம். அந்த ஒப்புதல் வரியை எடுத்துடுங்க.”

“எடுக்க வேணாம் சார். அவ சொன்னது நெசம்தானே. ஒரு வார்த்த சேத்தாப் போதும்.” உமையாள் தட்டச்சு செய்து படித்துக் காட்டினார்: “படத்தில் உள்ள வெண்புள்ளியை அழிக்காமல் வைத்ததாகத் துர்காதேவி கூறினார். மூலப் படத்தில் அது இருப்பதைக் குழு கண்டது. சரிதானாம்மா?”

“சரிதான் மேடம்” என்றவள் அப்போதுதான் அழுதாள்.

தேனப்பன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “அவுகப்பா கேட்டுல நிக்கிறாருன்னு காளியாயி சொன்னா. நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன். புகார் குடுத்தவன் வாயால அவரு கேக்கட்டும்.”

ஜன்னல் வழியாக உமையாள் பார்த்தார். கேட்டுக்கு வெளியே, வண்டியிலிருந்து இறங்காமல் ஒருவர். தேனப்பன் அவர் முன் கைகட்டி நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அந்த மனிதர் வண்டியை விட்டு இறங்கினார். பிறகு கைப்பிடியில் மாட்டியிருந்த துணிப்பையைக் கழற்றி நீட்டினார்.

தேனப்பன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. “உங்கப்பா குடுத்துவிட்டாரு. நீ ஒண்ணும் சாப்பிடலையாமே.”

துர்காதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையைப் பார்த்தாள். அதைக் கொண்டுவந்தவரைப் பார்த்தாள்.

“நான் மேடத்தோட சாப்பிட்டேன் சார். நீங்கதான் மத்தியானம் எதுவும் சாப்பிடல, இங்கயே உக்காந்திருந்தீக.” பையை அவர் பக்கமாக நகர்த்தினாள். “இத நீங்க வச்சுக்கங்க.”