வலைக் கொக்கி

போன வருடம் கடைசி ஆட்டத்தில் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டையும் நான் கோட்டை விட்டேன். எங்கள் பெண்கள் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. லித்துவேனியாவில் கூடைப்பந்து பற்றி வாய் திறக்காதவர் யாரும் கிடையாது. ரொட்டிக் கடை கெனொவைதே அன்றிலிருந்து கறுப்பு ரொட்டியை நீட்டும்போதெல்லாம், "பாத்துப் புடி எய்மன்தே, இதையாவது கீழ போடாத" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோளாறு என் கண்ணில் என்று கண்டுபிடித்தவள் அணித் தலைவி வைதிலே.

"நீ வளையத்த முழுசா பாக்குற. அப்புறம் பந்து பின்னாடியே ஓடுற. ஒரே எடத்தப் பாருடி. பந்து போய்ச் சேர்ற வரைக்கும் கண்ண எடுக்காத."

வலையை மாட்டியிருக்கும் முன்பக்கக் கொக்கி ஒன்றில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். குளிர்காலம் முழுக்க அந்த நூலையே முறைத்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு ஒன்பது விழுந்தது.

பயிற்சி அரங்கின் மறுபாதி கெனொவைதேயின் நடனக் குழுவுக்கு. நாடே கூடிப் பாடி ஆடும் பாட்டு விழா நெருங்கினால் அவர்களை அசைக்க முடியாது. அதனால் என் பயிற்சியெல்லாம் ஜன்னல் பக்கக் கூடையில்தான். ஆட்டத்திலோ இரண்டாம் பாதியில் கூடை மாறும். இருபது வருடமாக ஆடுகிறேன், இது எனக்கு உறைத்தது எங்கள் அரங்கிலேயே நடந்த மேல் பிரிவுக்கான இறுதி ஆட்டத்தின் இடைவேளையில். அந்தக் கூடையில் நூல் இல்லை.

பந்து கைக்கு வந்தால் உடனே யாருக்காவது தள்ளிவிட்டேன். எதிரணிக்காரிகள் முட்டாள்களா என்ன? நான் எறியப் பயப்படுவதைக் கண்டுகொண்டார்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், மூன்று விநாடி பாக்கி. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்து மேலே எழும்பிய என் கையில் ஒருத்தி வேண்டுமென்றே அடித்தாள்.

இரண்டு ஃப்ரீ த்ரோ.

கோட்டில் நின்றேன். எல்லாக் கொக்கிகளும் ஒரே மாதிரி இருந்தன. கண்ணாடிப் பலகைக்குப் பின்னால், மேல் வரிசையில், கெனொவைதே! இவள் ஆட்டம் பார்க்கவும் வந்துவிட்டாளா? அவள் மூக்குக்கு நேராக ஒரு கொக்கி தெரிந்தது. கோபத்தில் அதையே பார்த்து எறிந்தேன்.

உள்ளே விழுந்தது. சமநிலை.

மறுபடி நிமிர்ந்தால் அவள் இருக்கை காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கொக்கி எங்கயும் போகலடி," என்று பக்கத்திலிருந்து வைதிலே முணுமுணுத்தாள்.

போகவில்லைதான். அதே கொக்கி, அதே இடம். அரங்கம் மறைந்தது, கெனொவைதே மறைந்தாள், பந்து கையை விட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன், வைதிலே என் முதுகில் ஏறிக் குதிக்கும் வரை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கெனொவைதே வழக்கம்போல ரொட்டியை நீட்டவில்லை. பொட்டலம் கட்டி, இரண்டு கையாலும் என் கையில் வைத்தாள்.

"ரெண்டாவத நான் பாக்கலடி," என்றாள். "நெஞ்சு தாங்கல. வெளிய போய்க் கண்ண மூடிட்டு நின்னுட்டேன். உள்ள எப்படி விழுந்துச்சு, சொல்லு."

"தெரியலக்கா," என்றேன். "நானும் பாக்கல."