சடகோபனின் டைமிங்

காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சடகோபன் பேசிக்கொண்டிருந்தார். வேலை செய்கிறார் என்று சொல்ல முடியாது. ஸ்பேனர் கையில் இருந்தது, அவ்வளவுதான். கொடுத்த விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெருந்தேவி, கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதையாவது தெரியாது என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூட இல்லை.

சடகோபன் சின்ன காஞ்சிபுரத்தில் வணிகவியல் வாத்தியார். தகப்பனார் விட்டுப்போன அம்பாசடர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகள் நாலு அகப்பட்டதும் அதற்குச் சனி பிடித்தது. எஞ்சினின் தலைப்பாகத்தை லேத்தில் கொடுத்து அடியில் செதுக்கினார். இரண்டு கார்ப்பரேட்டர் மாட்டினார். "இந்த ஊர்லயே இப்படி ஒரு எஞ்சின் கிடையாது" என்று தெரு முழுக்கச் சொன்னார். அது உண்மைதான். வேறு யாருக்கும் அவ்வளவு பைத்தியம் பிடிக்கவில்லை.

அன்று முதல் வண்டி மேடு ஏறும்போதெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது போல் சத்தம் வந்தது. "அது பவர் வர்ற சத்தம்" என்றார் சடகோபன்.

பெருந்தேவி பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். வண்டியோடு வந்த கையேட்டுக்குச் சடகோபன் அழகாக அட்டை போட்டு அலமாரியில் வைத்திருந்தார். பிரித்துப் படித்தவள் அவள்தான். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பு, கொஞ்சமே கொஞ்சம் முன்னால், பிளக்கில் பொறி தெறிக்க வேண்டும். ரொம்ப முந்தினால், ஏறி வரும் பிஸ்டனையே அந்த வெடிப்பு எதிர்த்து அடிக்கும். தலையைச் செதுக்கி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை இன்னும் நெருக்கிய எஞ்சினில் அது சீக்கிரம் பற்றும். ஆகவே பொறியைச் சற்றுப் பிந்த வைக்க வேண்டும். அவரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பிப் பொறியை முந்த வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, நீங்க எதிர்ப் பக்கமா திருப்பறேள்" என்றாள்.

சடகோபன் நிமிரக்கூட இல்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு நமச்சிவாயத்திடம் சொன்னார்: "கேட்டேளா? லைட் பிடிக்கறவா எல்லாம் டைமிங் சொல்ல ஆரம்பிச்சுட்டா."

நமச்சிவாயத்துக்குப் பட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை கூட இங்கே வந்து உட்கார்ந்து, புரியாத பேச்சுக்குத் தலையாட்டுவது அவருக்கு ஒரு சுகம். "சார் கை வெச்சா பறக்கும்மா" என்றார். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பெருந்தேவிக்கு இந்த இரண்டு பேரில் யாரை அதிகமாகப் பிடிக்கவில்லை என்று தீர்மானிக்க முடியவில்லை.

அன்று திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்குப் புறப்படுவதாகப் பேச்சு. சடகோபன் டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் ஒரு திருப்பு திருப்பி, போல்ட்டை இறுக்கி, சாவியைப் போட்டார். எஞ்சின் முக்கியது, உதறியது, நின்றது. மறுபடி மறுபடி போட்டதில் பேட்டரி சோர்ந்து, கடைசியில் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

"பேட்டரி மட்டம்" என்று தீர்ப்பு சொல்லி, டிக்கியிலிருந்து, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை எடுத்து வந்து முன்பக்கம் செருகினார். கட்டை விரலைச் சுற்றி வளைத்து, உலக்கை பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்தார்.

"கட்டை விரலை மத்த விரலோட சேர்த்து வெச்சுக்கோங்கோ. திருப்பி அடிக்கும்."

"நீ உள்ள போய்த் தளிகையைப் பாரு" என்றார்.

சுற்றினார். பாதிச் சுற்றில் எஞ்சின் 'டொப்' என்று வெடித்து, ஹேண்டில் வந்த வழியே திரும்பிப் பாய்ந்தது. சடகோபன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கை, கை போல இல்லை.

அந்தக் கணத்தில் பெருந்தேவிக்கு முதலில் வந்தது பதற்றம் அல்ல. ஒரு குளிர்ந்த திருப்தி. அது வந்ததும் அவளுக்கே உடம்பு கூசியது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி, அவர் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து அவர் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். அவர் முகம் வெளிறியிருந்தது. பாவமாக இருந்தது.

"பெட்ரோல் கலப்படம்" என்றார் சடகோபன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பாவம் அத்தோடு போயிற்று.

ஆட்டோ பிடிக்க ஓடிய நமச்சிவாயம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "ஒண்ணு கூட இல்லம்மா. ஸ்டிரைக்கு பண்ணிக்கினு ஸ்டாண்டுல சீட்டாடிக்கினு இருக்கானுங்க. இன்னாம்மா பண்றது?"

பெருந்தேவி ஸ்பேனரை எடுத்தாள். போல்ட்டைத் தளர்த்தி, அவர் திருப்பியதை முழுக்கத் திரும்பக் கொண்டுவந்து, இன்னும் ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளி இறுக்கினாள்.

"அதைத் தொடாதடீ! மூணு வாரமா செட் பண்ணியிருக்கேன்!"

"வாயை மூடிண்டு வண்டில ஏறுங்கோ."

அப்படி அவள் ஒருநாளும் பேசியதில்லை. நமச்சிவாயம் தரையைப் பார்த்தார். சடகோபன் ஏறினார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விரல் ஐந்தையும் ஒரே பக்கம் வைத்து, ஹேண்டிலைக் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்த இழுப்பில் எஞ்சின் பிடித்தது. உதறல் இல்லை, குலுங்கல் இல்லை; தறி ஓடுவது போல் சீராக ஓடியது. கல்யாணத்துக்கு முன்பே ஓட்டக் கற்றிருந்தவள் அவளே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். எலும்பு டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே மேட்டில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தாள். கூழாங்கல் சத்தம் இல்லை. வண்டி சும்மா ஏறியது.

பின் சீட்டில் வலியில் முனகிக்கொண்டிருந்தவர் அந்த மேட்டில் முனகலை நிறுத்தினார். "பாத்தேளா நமச்சிவாயம், எப்படி இழுக்கறது! ஹெட்டைச் செதுக்கினது வீண் போகலை."

"சார் வேலைன்னா சும்மாவா" என்றார் நமச்சிவாயம்.

பெருந்தேவி கண்ணாடியில் அந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். திரும்பி ஏதாவது சொன்னால் அவர்களை மனிதர்களாக மதித்தது போலாகும் என்று தோன்றியது. கியரை மாற்றினாள்.

கட்டுப் பிரிக்கும்வரை அவளே வண்டியை ஓட்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். கட்டுப் பிரித்த மறுநாள் சாயங்காலம் சடகோபன் வாசலில் பானெட்டைத் தூக்கினார். நமச்சிவாயம் நாற்காலியோடு வந்திருந்தார்.

"லேசா முன்னுக்குக் கொண்டு வந்தா இன்னும் எகிறும்" என்றார் சடகோபன்.

பெருந்தேவி உள்ளிருந்து வந்து பானெட்டை இறக்கி, டப்பென்று சாத்தினாள். "இனிமே இதுல கை வெக்கப்படாது."

சடகோபன் நமச்சிவாயத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எனக்கு அடிபட்டதுல பயந்துட்டா, பாவம். சரி, அவ மனசுக்காக விட்டுடறேன்."

தெருவில் எல்லோரிடமும் அப்படியே சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். பெருந்தேவி யாரையும் திருத்தவில்லை. காலையில் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எந்த இடத்தில் எந்த கியர் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.