கண்ணாடி நிற்கிற இடம்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. எந்த மூக்கில் எந்தப் பிரேம் உட்காரும் என்று ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். அவருடைய மூக்கோ நடுவில் மேடு தட்டி, நுனி தொங்கி, அவருக்கு முன்னால் வந்து நிற்கும். அதை அப்படியே மகளுக்கும் கொடுத்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டி, என் மூக்கு என்று பெருமை வேறு. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும் இந்த மனுஷன் கண்ணில் படவே இல்லை. ஊருக்கே கண்ணாடி மாட்டுகிறவர்.

வெளியூரில் வேலையிலிருக்கும் அவள் ஒருநாள் போன் பண்ணி, மூக்கைச் சரிசெய்துகொள்ளப் போகிறேன், அப்பாவிடம் மூச்சு விடாதே என்றாள். அவர் மூக்கை அறுக்கிற வேலையடி இது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா நிதானமான ஆள். மேட்டை முழுக்கச் சீவினால் யாருடைய மூக்கையோ ஒட்டவைத்ததுபோல் இருக்கும், பாதிதான் இறக்குவேன், உள்ளேயிருந்தே குருத்தெலும்பு எடுத்து நுனிக்கு முட்டுக் கொடுப்பேன் என்றார். பார்க்கிறவர்கள் மூக்கு அழகாக இருக்கிறது என்றால் அவர் தோற்றாராம். முகம் தெளிந்திருக்கிறது என்றால் ஜெயித்தாராம்.

வீக்கம் வடிந்து, இனி கண்ணாடி போடலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவள் வீட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, முகம் தெளிஞ்சு போச்சே, ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. இவரோ மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்து கொடுத்த கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது. அவளும் பேச்சுக்கு நடுவே விரலால் தள்ளித் தள்ளி விட்டாள்.

"கடைக்கு வா," என்றார்.

போச்சுடா என்று நானும் பின்னாலேயே போனேன். கோபம் வந்தால் இவர் கத்தமாட்டார். வாரக்கணக்கில் பேசமாட்டார். அவள் பயந்ததெல்லாம் அதற்குத்தான்.

ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். அது நின்ற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரல் மெதுவாக இறங்கி, மிச்சமிருந்த மேட்டில் நின்றது.

"ரொம்ப வலிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினாள். பொய்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருப்பார். அது அவருக்கே தெரியும், அதனால்தான் பதிலுக்குக் காத்திராமல் சின்னக் குறடு ஒன்றைக் கையில் எடுத்தார். மூக்கில் பதிகிற அந்த இரண்டு சின்னத் திண்டுகளையும் நெருக்கி வளைத்தார். மாட்டிப் பார்த்தார். கழற்றி, இன்னும் ஒரு மயிரிழை வளைத்து மறுபடியும் மாட்டினார்.

"குனி," என்றார். கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான்.

குனிந்தாள். கண்ணாடி நின்றது. மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது. லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியால் அதைத் துடைத்தார். பிறகு தன் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, மூக்கின் இருபுறமும் பதிந்திருந்த தழும்பைத் தேய்த்தபடி நின்றார். நிமிரச் சொல்ல மறந்துவிட்டார். அவளும் குனிந்தபடியே இருந்தாள்.