உதிர்ந்த ஓட்டுகள்

மாநிலத் தலைநகரான ஹெலனாவின் பல்கலைக்கழகத்தில் ரோண்டா ஹாகன் பாடம் நடத்திய அறையில், சாயங்காலம் போர்டில் எழுதிய பெயர்கள் விடிவதற்குள் தரையில் விழுந்து கிடக்கும். எல்லாப் பெயரும் விழாது. மாணவர்கள் தங்கள் மசோதாவுக்கு ‘ஆதரவு’ என்ற தலைப்பின் கீழ் எந்தச் சட்டமன்ற உறுப்பினர்களை எழுதினார்களோ, அவர்களில் உண்மையில் ஓட்டுப் போட நினைக்காதவர்களின் பெயர் மட்டும் எழுத்தெழுத்தாக உதிரும். துப்புரவுப் பணியாளர் ஹோலிஸ் அந்த வருடம் ஜனவரி தொடங்கி பிப்ரவரி பாதிக்குள் நாற்பத்தொரு சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டி அள்ளினார். நீல மையில் எழுதியவை செருப்பில் ஒட்டிக்கொள்கின்றன என்பது மட்டுமே அவருடைய புகார்.

ரோண்டா இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிகளுக்காகவும் கோதுமை விவசாயிகளுக்காகவும் சட்டமன்றத்தில் லாபி செய்தவர், அதாவது உறுப்பினர்களைப் பார்த்துப் பேசி ஓட்டுத் திரட்டியவர். இப்போது அந்தத் தொழிலைப் பாடமாக நடத்தினார். உறையில் எவ்வளவு வைத்துக் கொடுப்பீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே யாராவது கேட்பார்கள்; அதற்குப் பதில் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிவிடும். சட்டமன்றத்தில் உறுப்பினர்களுக்குத் தனி அறை கிடையாது. படியிலோ கேன்டீன் சூப் வரிசையிலோதான் பிடிக்க வேண்டும். விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். யார் எதிர்க்கிறார்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு போய், சிரித்த முகத்தையெல்லாம் ஓட்டு என்று எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

“ஆம்டால் நம்ம பக்கம் மேடம். தோள்ல தட்டிக் குடுத்தாரு,” என்றான் ஒரு மாணவன்.

“ஓட்டுப் போடுறேன்னு சொன்னாரா?”

“நல்ல காரியம் பண்றீங்கன்னு சொன்னாரு.”

“போன வாரம் என் நாயைப் பாத்தும் அதையேதான் சொன்னாரு. அது எந்த மசோதாவையும் தூக்கிட்டுப் போகல.”

உறுப்பினர் ஆம்டாலின் பெயர் நான்கு முறை விழுந்தது. ஐந்தாவது முறையும் எழுதினார்கள். ரோண்டா மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்த வருடம் வகுப்பு எடுத்துக்கொண்ட மசோதா டெஸ் கோவாசிச் என்ற மாணவி கொண்டுவந்தது. அவளுடைய தம்பி மிலோவுக்கு எட்டு வயது, சர்க்கரை வியாதி. அவன் பள்ளிக்கு நர்ஸ் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். மற்ற நாட்களில் அம்மாதான் பேக்கரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து மத்தியான ஊசியைப் போட வேண்டும். நவம்பரில் பனியால் சாலை அடைத்து அவள் வர நேரமானபோது, பையன் மயங்கிக் கிடந்தான். இருநூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் தினமும் நர்ஸ் இருக்க வேண்டும் என்றது மசோதா. அதை முதலில் ஏற்க வேண்டிய சட்டமன்றக் கல்விக் குழுவில் பதின்மூன்று பேர். ஏழு ஓட்டு வேண்டும். ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் போர்டில் பத்துப் பேர் இருந்தார்கள். காலையில் ஆறு பேர்.

குழு உறுப்பினரான லொரெட்டா புருஸ்கி என்ற மாட்டுப்பண்ணைக்காரி டெஸ்ஸைச் சூப் வரிசையிலிருந்து இழுத்து மேசையில் உட்கார வைத்து, முப்பத்தைந்து நிமிடம் குறுக்கு விசாரணை செய்தாள். சூப் ஆறி ஆடை கட்டியது. யார் எதிர்க்கிறார்கள் என்றாள். சின்ன ஊர்ப் பள்ளி நிர்வாகங்கள் என்று டெஸ் உண்மையைச் சொன்னாள். நூறு மைலுக்கு ஒரு நர்ஸ்கூடக் கிடைப்பதில்லை, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றாள்.

“அப்ப நான் எதுக்கு உனக்குப் போடணும்?”

“என் தம்பிக்குச் சர்க்கரை செவ்வாக்கிழமை பாத்து வர்றதில்ல மேடம்.”

புருஸ்கி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டெஸ் அழுதுகொண்டே திரும்பி வந்து, ‘எதிர்ப்பு’ என்ற தலைப்பின் கீழ் அந்தப் பெயரைச் சிவப்பில் எழுதினாள். காலையில் அது ஆதரவுப் பக்கம் நகர்ந்திருந்தது. போர்டின் குறுக்கே சிவப்பாக ஒரு இழுவை. யாரோ விளையாடுகிறார்கள் என்று பிள்ளைகள் அழித்துப் பழைய இடத்தில் எழுதினார்கள். மறுநாளும் நகர்ந்திருந்தது.

“முப்பது செகண்ட் சிரிச்சவன் உங்களுக்கு நண்பன்,” என்றார் ரோண்டா. “சாப்பாட்ட விட்டுட்டு முப்பத்தஞ்சு நிமிஷம் கேட்டவ எதிரி. போர்டுக்குப் புரியுது, உங்களுக்குப் புரியலையே.”

குழுவில் மசோதா ஏழுக்கு ஆறு என்று தேறியது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரு நர்ஸைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கவைத்து, டெஸ்ஸின் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கினாள் புருஸ்கி. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆம்டால், வெளியே வந்து எல்லோர் தோளிலும் தட்டிக் கொடுத்தார். ஏப்ரலில் மசோதா சட்டமானது.

கோடையில் பல்கலைக்கழகம் பழைய போர்டைக் கழற்றிப் புதியது மாட்டியது. அதிலும் பெயர்கள் உதிர்ந்தன. அந்த அறையை மட்டும் முதல் வகுப்புக்கு முன்பே கூட்டிவிட வேண்டும் என்று வேலை அட்டவணையில் ஒரு வரி ஏறியது, அவ்வளவுதான். செப்டம்பரில் மிலோவின் பள்ளிக்குத் தினமும் பத்திலிருந்து இரண்டு வரை நர்ஸ் வந்தார். முதல் புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அம்மா பழக்கத்தில் மாவுக் கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு பேக்கரி வாசல்வரை வந்தாள். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்து நின்றாள். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த தட்டு ரொட்டியை அடுப்பில் வைத்தாள்.