இரவல் குரல்

விடியும் முன்பே குளிர்க் கிடங்கில் வேலை தொடங்கிவிடும். வாசலில் தொங்கும் தடித்த பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் முதலில் மூக்குக்குள் ஈரம் உறையும். அப்புறம் இமை மயிர். கடைசியில் தாடை. தாடை மரத்துப்போவதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. எங்கள் வேலையில் பாதி கையால் நடப்பது, மீதி வாயால் நடப்பது.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு ஹெட்செட் இருக்கும். காதுக்குள் மெஷின் பேசும்: இந்தச் சந்து, இந்தத் தட்டு. நாம் அங்கே போய், தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை வாயால் சொல்ல வேண்டும். சரியென்றால் எத்தனை பெட்டி என்று அது சொல்லும். பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டு எண்ணிக்கையைச் சொன்னால் அடுத்த தட்டு. காகிதம் இல்லை, பேனா இல்லை, இரண்டு கையும் சுமைக்கே. இதை யோசித்தவன் கெட்டிக்காரன்தான், அதை மறுக்க மாட்டேன்.

தட்டுகளுக்கு நடுவே உள்ள சந்துக்குள் போகும் முன், இந்த நாட்டு மொழியில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: “சந்தில் ஆள்.” மெஷின் கேட்டதும் சந்து முனையில் சிவப்பு விளக்கு எரியும். சரக்குத் தூக்கும் வண்டி வெளியிலேயே நின்றுவிடும். தலைக்கு மேல் சுமை ஏற்றிவரும் வண்டிக்காரருக்கு எதிரே இருப்பது தெரியாது. அவருக்கு அந்த விளக்குதான் கண்.

புரியவில்லை என்றால் மெஷின் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்கும். கோபப்படாது. ஆனால் எத்தனை முறை அப்படிக் கேட்டது என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். கணக்கு ஏறியவரை முதலாளி கண்ணாடி அறைக்குக் கூப்பிடுவார். அங்கே போய்வந்தவர்களில் சிலரை அப்புறம் நாங்கள் பார்த்ததில்லை. வேலை இருக்கும்வரைதான் இந்த நாட்டில் இருக்க அனுமதி. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மெஷினுக்கு எல்லார் பேச்சும் பொதுவாகப் புரிவதில்லை. வேலையில் சேரும் நாளில், அதற்குத் தேவையான சொற்களை ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவோம். இவர் குரல் இப்படி, இந்தச் சொல்லை இப்படிச் சொல்வார் என்று அது படித்துக்கொள்ளும். எந்த நாட்டுக்காரர் எப்படிச் சொன்னாலும் படித்துக்கொள்ளும். அதுதான் அதன் அழகு. ஆனால் அன்று இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பரீட்சை என்று நினைத்தோம். நானும் என் நாத்தனாரும் முந்தின ராத்திரியே அறையில் டிவி முன்னால் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிறவள் உதட்டைக் குவிப்பதைப் பார்த்துப் பழகினோம். மறுநாள் அவளைப் போலவே சொல்லிக் காட்டினோம். மெஷின் எங்கள் வாயிலிருந்து அவள் குரலைப் படித்துக்கொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும், தாடை விறைத்த பின்னும், அதே இரவல் குரலில் பேச வேண்டியிருந்தது.

நாத்தனாரைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்யாண வயது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. என் வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறார். இங்கே ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேர்.

அன்று காலை நான் பக்கத்துச் சந்தில் இருந்தேன். நடுவில் தட்டுகள் மட்டும். பாப்பா “சந்தில் ஆள்” என்றது என் காதில் விழுந்தது. களைத்த குரல். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை சொன்னாள். அப்படியென்றால் மெஷின் மறுபடி கேட்டிருக்கிறது. அவள் பூட்ஸ் சத்தம் அதற்குள் உள்ளே நகர்ந்துவிட்டது. ஏன் நின்று மூன்றாம் முறை சொல்லவில்லை என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். கணக்கு ஏறும் என்ற பயத்தில் நானும் பலமுறை அப்படி நடந்திருக்கிறேன்.

அப்புறம் வண்டியின் உறுமல். மூன்றாவது முறை அவள் கத்தினாள். அதே இரண்டு சொற்கள், ஆனால் எங்கள் ஊர் உச்சரிப்பில். பயம் வந்தால் இரவல் குரல் வராது.

நான் சுற்றிக்கொண்டு ஓடியபோது வண்டியின் இரும்புக் கைக்கும் தட்டின் காலுக்கும் நடுவில் அவள் பாதம் மாட்டியிருந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. வண்டிக்காரர் இறங்கி, கையுறையை வாயில் கவ்விக்கொண்டு நின்றார். அவர் இந்த நாட்டுக்காரர்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கண்ணாடி அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் மொழியில் நடந்த பேச்சை நம் மொழியில் சொல்கிறேன்.

“நாளைக்குக் காலையில தொழிலாளர் ஆபீஸ்லருந்து ஒரு அம்மா வராங்க. பக்கத்துல இருந்தது நீதான். அந்தப் பொண்ணு சொல்லாம உள்ளே போயிட்டான்னு சொல்லு, போதும்.”

“சொன்னா சார். என் காதால கேட்டேன்.”

“மெஷின்ல பதிவாகல. பதிவாகலைன்னா சொல்லலைன்னு அர்த்தம்.”

“ரெண்டு தடவை சொன்னா. கத்தினதையும் சேர்த்தா மூணு.”

“உங்க பாஷையில ஏதாவது முனகியிருப்பா.”

“இல்ல சார். உங்க பாஷையிலதான்.”

“அப்போ மெஷினுக்கு ஏன் புரியல? நீயே சொல்லு.”

தெரிந்த பதில்தான். சொன்னால், சேர்ந்த அன்றே வேறு குரலில் பேசி ஏமாற்றினோம் என்றாகிவிடும்.

“உன் அனுமதியையும் இந்த வருஷம் புதுப்பிக்கணும் இல்லையா?” என்றார், குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி. “அவ எப்படியும் போகப்போறவ. நீயும் ஏன் போகணும்?”

அறைக்குத் திரும்பியபோது பாப்பா தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். முழங்கால்வரை மாவுக்கட்டு.

“அண்ணி, நான் சொன்னேன்தானே? நீங்க கேட்டீங்கதானே?”

“கேட்டேன்டி.”

“எல்லாரும் சொல்லல சொல்லலன்னு சொல்றதுல எனக்கே சந்தேகம் வந்துருச்சு.” என் கையைப் பிடித்தாள். “நீங்க எதுவும் பேசாதீங்க அண்ணி. ரெண்டு பேரும் வேலை போய் ஊர்ல நின்னா அண்ணனுக்குச் சோறு இறங்குமா?”

“நீ வாய மூடிட்டுப் படு.”

“காலுக்குத்தான் கட்டு, வாய்க்கு இல்ல.”

சிரிக்கப் பார்த்தோம். வரவில்லை. ஒற்றைக் காலோடு விமான நிலைய வாசலில் அவள் நிற்பது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் சீக்கிரமே போனேன். பூட்ஸ் மாட்டும் அறையில் கூட வேலை பார்க்கும் நெட்டைக்காரரும் சுருட்டைமுடிக்காரியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். ஆளுக்கொரு நாடு. எங்களுக்குள் பேச, அரைகுறையாகத் தெரிந்த இந்த நாட்டு மொழிதான்.

“என்ன சொல்லப்போற?” என்றாள் சுருட்டைமுடிக்காரி.

டிவிக்காரியிடமிருந்து குரல் திருடிய கதையை முதல் முறையாக வெளியில் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன்.

“நீயுமா?” என்றாள் அவள். “நான் எங்க வீட்டு ஓனரம்மாவைப் பார்த்துப் பேசினேன். அது பேசுறப்ப கழுத்தைக்கூட ஆட்டும். நானும் ஆட்டினேன்.”

நெட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “இவங்க எல்லாரும் மூக்கால பேசுறாங்கன்னு நினைச்சேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டே சொல்லிக் கொடுத்தேன். இன்னிவரைக்கும் ஒவ்வொரு தட்டுலயும் மூக்கைப் பிடிக்கிறேன்.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று ஆளாளுக்கு மறைத்து வைத்திருந்தோம்.

வாசலில் நிழலாடியது. வண்டிக்காரர். எத்தனை நேரமாக நிற்கிறாரோ. “ஹார்ன் அடிக்கலைன்னு நீங்க என் மேல புகார் சொன்னதா முதலாளி சொன்னாரு,” என்றார்.

“நாங்க யாரும் சொல்லல. அவ தூங்கி வழிஞ்சான்னு நீங்க சொன்னதாத்தான் எங்ககிட்ட அவர் சொன்னாரு,” என்றாள் சுருட்டைமுடிக்காரி.

அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார். அப்புறம் பேசியபோது எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. அவர் பேச்சே மாறியிருந்தது, கரடுமுரடாக, கல் உருள்வது போல. “இதுதான் எங்க மலைப்பக்கத்துப் பேச்சு. இந்த நாடுதான், இதே பாஷைதான். பட்டணத்துல இப்படிப் பேசினா சிரிப்பாங்க. மெஷின்கிட்ட நானும் மாத்தித்தான் பேசினேன்.”

அதன்பிறகு முடிவெடுக்க நேரம் ஆகவில்லை. பாப்பா மேல் பழி போடக் கூடாது. எங்கள் குரல்களை எங்கள் பேச்சிலேயே மெஷின் மறுபடி படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை சந்து முனையில் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் முதலாளி ஒத்துக்கொள்ளும்வரை யாரும் உள்ளே இறங்குவதில்லை. சொல்லும்போது எளிதாக இருந்தது. வெளியே வந்ததும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நடந்தோம்.

அதிகாரியம்மா கையை உரசிக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்தில் முதலாளி. நான் அவர்கள் மொழியிலேயே, ஆனால் என் சொந்த உச்சரிப்பில், நிதானமாகச் சொன்னேன். கேட்டதை, பச்சை விளக்கை, குரல் திருடியதை, நாங்கள் எடுத்த முடிவை, எல்லாவற்றையும். அந்தம்மா காதை முன்னுக்குக் கொண்டுவந்து கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டார்.

“பார்த்தீங்களா? மெஷினை ஏமாத்தியிருக்காங்க. அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க,” என்றார் முதலாளி.

எதற்குப் பயந்தேனோ அதுவே வந்தது.

“அப்போ என்னையும் சேர்த்துக்குங்க,” என்றாள் சுருட்டைமுடிக்காரி. நெட்டைக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். மற்றவர்களும்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. “மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. இப்பவே காட்டறேன்.” கொக்கியிலிருந்து பாப்பாவின் ஹெட்செட்டை எடுத்து மாட்டினார். பாப்பா அடிபட்ட சந்தின் முனைக்குப் போனார். “சந்தில் ஆள்,” என்றார், பிறந்ததிலிருந்து பேசிய சுத்தமான உச்சரிப்பில்.

விளக்கு பச்சை.

இன்னொரு முறை, சத்தமாக. பச்சை. அந்த ஹெட்செட் தேடுவது பாப்பாவின் இரவல் குரலை. அது அவரிடம் எங்கே இருக்கும்? மூன்றாம் முறை கத்தினார். பச்சை. எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சந்தில்தான் அவள் கத்தினாள்.

அதிகாரியம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேலிடத்துல சொல்றேன். இன்னிக்கே எதுவும் என் கையில இல்ல,” என்றார்.

“இது அடிபட்டதுல கெட்டுப்போச்சு,” என்று முதலாளி ஹெட்செட்டைக் கழற்றினார். “எல்லாரும் உள்ளே போங்க. போகாதவங்க நாளைக்கு வர வேண்டாம்.”

வண்டிக்காரர் போய்த் தன் வண்டியில் ஏறினார். முதலாளி பக்கம் போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் சாவியைத் திருப்பி மோட்டாரை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

நாங்கள் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தோம். முதலாளி கண்ணாடி அறைக்குள் போய் யாருக்கோ போன் போட்டார். யாருக்கு என்று தெரியவில்லை. என் போன் அடித்தது.

“உள்ளே போயிட்டீங்களா அண்ணி?”

“இல்லடி. வாசல்ல உக்காந்திருக்கோம்.”

“யார் யாரு?”

நான் போனை அவர்கள் பக்கம் நீட்டினேன். ஆளுக்கொரு வார்த்தை நலம் விசாரித்தார்கள், அவரவர் குரலில்.

“அது சுருட்டை,” என்றாள் பாப்பா. “அது நெட்டைக்காரர், இன்னிக்கு மூக்கால பேசல போலிருக்கு.” அப்புறம் தயங்கினாள். “கடைசியா பேசினது யாரு? அந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே.”

“வண்டிக்காரர்.”

அவர் எங்களிடமிருந்து தள்ளி, கையுறையைக் கசக்கியபடி நின்றார்.

“உக்காந்திருக்காரா?” என்றாள்.

“நிக்கிறாரு.”

“உக்காரச் சொல்லுங்க அண்ணி.”

நான் பெட்டியில் நகர்ந்து இடம் விட்டேன்.